கயிலையிலிருந்து இறங்கி வரும் செலவு யாருடையது?

வாசகர் கேள்வி: நான் திருவையாற்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், வயது 64. என் மனைவிக்கு 59. வரும் ஜூன் மாதம் நேபாளம் வழியாகக் கயிலாய மானசரோவர் யாத்திரை செல்ல இருவரும் பதிவு செய்திருக்கிறோம். எனக்குப் பதினோரு ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரையும் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மனைவி தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏற்கெனவே 10 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பயண ஏற்பாட்டாளரும் ‘பேக்கேஜிலேயே இன்சூரன்ஸ் உண்டு’ என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகனோ தனியாகப் பயணக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்கிறான். அவன் விசாரித்த ஏஜென்ட், படிவத்தில் பிரஷர், சுகர் எதையும் எழுத வேண்டாம் என்று சொன்னாராம். அப்பர் பெருமான் காப்பீடு எடுத்துக்கொண்டா கயிலைக்குப் புறப்பட்டார்? அங்கேயே உயிர் பிரிந்தாலும் அது பேறுதான் என்று நினைக்கிற எனக்கு இந்தச் செலவு தேவையா?

பதில்:

அன்புள்ள ஐயா,

திருவையாற்றுக்காரரான உங்களுக்கு அப்பர் பெருமானின் கதையை நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனாலும் நீங்களே அவரைச் சாட்சிக்கு அழைத்திருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்து பாதம் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, மார்பால் நகர்ந்து மார்பும் தேய்ந்து, கடைசியில் புரண்டு புரண்டு போன அந்த முதியவரை இறைவன் மலைமேல் ஏற்றவில்லை. வழியிலேயே மறித்து, அங்கிருந்த தடாகத்தில் மூழ்கச் சொல்லி, உங்கள் ஊர்க் குளத்தில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைத் தந்தார் என்பதைத்தானே நீங்கள் ஆடி அமாவாசைதோறும் கொண்டாடுகிறீர்கள்? காப்பீட்டுத் துறையில் முப்பது ஆண்டுகளை, அதிலும் பெரும்பகுதியை இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மேசையில் கழித்த என் கண்ணுக்கு, திரும்பி வரும் பயணத்தை இறைவனே ஏற்பாடு செய்து கொடுத்த யாத்திரையாகத்தான் அது தெரிகிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கயிலைக்குப் போகிறவருக்குக் காப்பீடு முதலில் உதவ வேண்டியது இறங்கி வருவதற்குத்தான். மருத்துவமனைச் செலவு, தொலைந்த பெட்டி, ரத்தான விமானம் எல்லாம் அதற்குப் பின்னால் நிற்பவை. எந்தப் பாலிசியை எடுப்பது, படிவத்தில் எதை எழுதுவது, ஆபத்து நேர்ந்தால் யாரை முதலில் அழைப்பது என்ற உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் இங்கிருந்துதான் விடை பிறக்கிறது.

நீங்கள் இணைத்திருந்த பயணத் திட்டத்தை உயரக் கணக்கில் ஒருமுறை படித்துப் பாருங்கள். நேபாள்கஞ்ச் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயிலும் புழுக்கமும் நம் ஊரைப் போலவே இருக்கும். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பில் சிறு விமானம் உங்களை ஏறத்தாழ 2,900 மீட்டரில் உள்ள சிமிகோட்டில் இறக்கிவிடும். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், விமானத்திலிருந்து முதல் அடியை எடுத்து வைக்கும் இடமே தமிழ்நாட்டின் எந்த ஊரையும்விட உயரமானது என்பது புரியும். அடுத்து ஹெலிகாப்டரில் ஹில்சா, 3,600 மீட்டருக்கு மேல். கர்ணாலி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் திபெத். பிறகு 3,900 மீட்டரை ஒட்டிய தக்லகோட். அதன்பின் 4,590 மீட்டரில் மானசரோவர் ஏரி. கயிலையை வலம்வரும் பரிக்ரமாவின் இரண்டாம் நாள் நீங்கள் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துபோகிறது.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. உங்களைப் போல் பறக்காமல், வாகனத்தில் கெருங் என்ற திபெத் எல்லை ஊர் வழியாகச் செல்லும் குழுக்களில் பல ஒரே நாளில் 1,500 மீட்டருக்கும் அதிகமாக ஏறி, திபெத்தின் சாகா என்ற ஊரில் இரவு தங்குகின்றன. அந்த ஒரு இரவிலேயே பாதிப் பேருந்துக்குத் தலைவலி வந்துவிடும் என்று அந்தப் பாதையில் போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் திட்டத்தில் தக்லகோட்டில் இரண்டு இரவுகள் இருக்கின்றன. செலவைக் குறைக்கவோ விசா நாட்களைச் சரிக்கட்டவோ அவற்றில் ஒன்றை வெட்டலாமா என்று ஏற்பாட்டாளர் கேட்டால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் எந்தப் பாலிசியையும்விட மலிவான காப்பீடு அந்த இரவு.

உயர நோய் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். முற்றினால் இரண்டு வடிவங்களில் உயிருக்கே உலை வைக்கும்: நுரையீரலில் நீர் கோத்து உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது ஒன்று, மூளை வீங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழம்புவது மற்றொன்று. மருந்துகளும் ஆக்சிஜன் சிலிண்டரும் காற்றடைத்த அழுத்தப் பையும் சில மணி நேரத்தை வாங்கித் தரும். ஆனால் உண்மையான சிகிச்சை கீழே இறங்குவது ஒன்றுதான். ஆயிரம் மீட்டர் இறங்கியதுமே, சற்றுமுன் பிழைப்பாரா என்று அஞ்ச வைத்தவர் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்பதுண்டு. ஆக, வைத்தியம் எளியது; நோயாளியை அந்த ஆயிரம் மீட்டர் இறக்குவதுதான் செலவும் சிக்கலும் பிடித்த வேலை.

அந்தச் சிக்கல் எவ்வளவு என்பதைப் பாருங்கள். டோல்மா லாவுக்கு வண்டி வராது. நடந்தோ, குதிரையிலோ, ஆள் சுமந்தோதான் ஒருவரை அங்கிருந்து கீழே கொண்டுவர முடியும். நேபாளத்து ஹெலிகாப்டர் எல்லையைத் தாண்டித் திபெத்துக்குள் வர முடியாது. எனவே நோயாளியை வாகனத்தில் தக்லகோட் வரை கொண்டுவந்து, எல்லைச் சோதனைகளை முடித்து, பாலத்தைக் கடந்து ஹில்சாவை அடைந்த பிறகுதான் ஹெலிகாப்டர் என்ற பேச்சே எழும். இதற்கு நடுவில் விசா என்ற ஒரு முடிச்சு வேறு இருக்கிறது. நேபாளம் வழியாகச் செல்லும் யாத்திரிகர்களுக்குத் தனித்தனி விசா முத்திரை கிடையாது. குழுவினர் அனைவரின் பெயரும் ஒரே தாளில் அச்சிட்ட கூட்டு விசாதான். சேர்ந்து நுழைந்தவர்கள் சேர்ந்து வெளியேற வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒருவர் மட்டும் முன்னதாகத் திரும்ப வேண்டுமானால் அந்தத் தாளிலிருந்து அவர் பெயரைப் பிரித்து வேறு காகிதம் பெற வேண்டும். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் உங்கள் மனைவியும் கூடவே திரும்ப வேண்டியிருக்கும், ஒருவேளை வழிகாட்டி ஒருவரும் வரவேண்டியிருக்கும். அந்த வாகனம், அவர்களுடைய தங்கல், ஹில்சாவிலிருந்து சிமிகோட்டுக்கோ நேரே நேபாள்கஞ்சுக்கோ ஹெலிகாப்டர், அங்கிருந்து காத்மாண்டுவுக்கோ லக்னோவுக்கோ பயணம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் தொகை பல ஆயிரம் டாலரைத் தொடும். ஹெலிகாப்டர்காரர் பறப்பதற்கு முன்பே பணத்துக்கு உத்தரவாதம் கேட்பார். அந்த இடத்தில் உங்களிடம் இருக்க வேண்டியது வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைவிட, ‘நாங்கள் கட்டுகிறோம்’ என்று காத்மாண்டுவுக்கு மின்னஞ்சல் அனுப்பக்கூடிய ஒரு நிறுவனம்.

இனி உங்கள் 10 லட்ச ரூபாய்ப் பாலிசிக்கு வருகிறேன். நல்ல பாலிசியாகவே இருக்கலாம். விடாமல் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். ஆனால் நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக இந்திய மண்ணில் நடக்கும் சிகிச்சைக்குத்தான் பொறுப்பேற்கின்றன. வெளிநாட்டுச் சிகிச்சைக்கென்று தனிப்பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தாலொழிய, ஹில்சாவில் அது வெறும் காகிதம். நேபாளத்துக்குப் போக நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும் என்பதால் பலருக்கு அது வெளிநாடு என்ற எண்ணமே வருவதில்லை. பாலிசியை எழுதியவர்களுக்கு அது வெளிநாடுதான். இதில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு. நேபாள்கஞ்சிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே வந்தால் உத்தரப் பிரதேசத்தின் ரூபைடிகா எல்லை. அதைத் தாண்டிவிட்டால் உங்கள் உள்நாட்டுப் பாலிசி உயிர் பெற்றுவிடும், லக்னோவின் பெரிய மருத்துவமனைகள் சாலைவழியில் சில மணி நேரத் தொலைவுதான். ஆக, பயணக் காப்பீடு உங்களைச் சமவெளி வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டால், அதற்குப் பிறகு நீடிக்கும் சிகிச்சையைப் பழைய பாலிசி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நினைக்காமல், அஞ்சல் ஓட்டம்போல ஒன்று கொண்டுவந்து தர மற்றொன்று வாங்கிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

‘பேக்கேஜில் இன்சூரன்ஸ் உண்டு’ என்ற சொல்லை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சில நேரம் அது உண்மையிலேயே யாத்திரிகர் பெயரில் எடுத்த குழுப் பாலிசியாக இருக்கும். சில நேரம் விபத்தில் இறந்தால் மட்டும் பணம் தரும் சிறு பாலிசியாக இருக்கும். சில நேரம் ஏற்பாட்டாளர் தம்முடைய வழிகாட்டிகளுக்கும் சுமைகூலிகளுக்கும் எடுத்த காப்பீடாக இருந்து, உங்களுக்கு அதில் இடமே இல்லாமல் போகும். வாதம் எதுவும் வேண்டாம். உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாலிசி எண்ணும் அச்சிட்ட காப்பீட்டுச் சான்றிதழையும், விலக்குகள் அடங்கிய முழு நிபந்தனைத் தாளையும் முன்பணம் போக மீதத் தொகையைக் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கையில் தாள் வராத காப்பீட்டை இல்லாத காப்பீடாகவே கருதிக்கொள்ளுங்கள்.

தனியாக எடுக்கும் பாலிசியில் எல்லாரும் முதலில் பார்ப்பது காப்பீட்டுத் தொகையைத்தான்: ஐம்பதாயிரம் டாலரா, ஒரு லட்சம் டாலரா என்று. நான் முதலில் பார்க்கச் சொல்வது உயர வரம்பை. மலையேற்றத்தைச் சாகச விளையாட்டு என்று முற்றாக விலக்கும் பாலிசிகள் உண்டு. ஏற்பவற்றிலும் 3,000 மீட்டர், 4,500 மீட்டர், 6,000 மீட்டர் என்று படி வைத்துப் பிரீமியம் வாங்குபவை உண்டு. 4,500 மீட்டர் வரை என்று இருந்தால், நீங்கள் மானசரோவர் நீரைத் தொடுவதற்கு முன்பே உங்கள் பாலிசி முடிந்துவிட்டது என்று பொருள். ஏரி இருப்பது 4,590 மீட்டரில். உங்களுக்கு வேண்டியது 6,000 மீட்டர் வரை செல்லுபடியாகும் பாலிசி, அல்லது உயர வரம்பே இல்லாதது. ‘இது யாத்திரைதானே, மலையேற்றம் அல்லவே’ என்று நீங்கள் கேட்கலாம்; கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல் நடக்கும் 52 கிலோமீட்டர் கிரிவலம் அது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கோரிக்கை மேசையில் உட்கார்ந்திருப்பவர் பக்தியைப் பார்க்கமாட்டார், சொல்லுக்குப் பாலிசி தரும் விளக்கத்தைத்தான் பார்ப்பார். குதிரைச் சவாரியும் அப்படித்தான். டோல்மா லா ஏற்றத்தில் குதிரை எடுப்பவர்கள் பலர், அதிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். குதிரையேற்றத்தைச் சாகசப் பட்டியலில் வைத்திருக்கும் பாலிசியில் அந்த எலும்பு முறிவுக்குக் காசு வராது.

ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், ஏஜென்ட் மூலமாக வேண்டாம். ‘நேபாளம் வழியாகத் திபெத்திலுள்ள கயிலாய மானசரோவருக்குக் கால்நடையாகவும் குதிரையிலும் யாத்திரை செல்கிறோம், அடையும் உச்ச உயரம் 5,630 மீட்டர், உயர நோய்க்கான சிகிச்சையும், மருத்துவக் காரணத்துக்காக வாகனத்திலும் ஹெலிகாப்டரிலும் கீழே கொண்டுவரும் செலவும் இந்தப் பாலிசியில் அடங்குமா, அடங்கினால் எவ்வளவு தொகை வரை’ என்று கேளுங்கள். நேபாளம், சீனா இரண்டும் பாலிசியின் நாட்டுப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பதிலை அச்செடுத்துப் பாலிசியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஏஜென்ட் எழுத வேண்டாம் என்று சொன்ன ரத்த அழுத்தமும் சர்க்கரையும். இதில் நான் சற்றுக் கோபத்தோடு எழுதுகிறேன், மன்னியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு கோப்பை நான் இன்னும் மறக்கவில்லை. உங்களைப் போலவே அறுபதைக் கடந்த ஒருவர், இதே யாத்திரை. மானசரோவர் கரையில் மூச்சுத்திணறல் கண்டு, ஹில்சா வழியாக இறக்கிக் காத்மாண்டுவில் சேர்த்துப் பிழைத்துவிட்டார். முன்மொழிவுப் படிவத்தில், ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நீல மையில் ஏஜென்டின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அடியில் அவருடைய நடுங்கும் கையொப்பம். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டாவது வரியே, பன்னிரண்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர் என்றது. அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்டிருக்கிறார், பதறிப்போயிருந்த மனைவி உண்மையைச் சொல்லியிருக்கிறார். கணவனின் உயிர் ஊசலாடும்போது எந்த மனைவி படிவத்தில் என்ன எழுதினோம் என்று யோசிப்பார்? அவருக்கு வந்தது உயர நோய்தான், ரத்த அழுத்தம் அதற்குக் காரணம் இல்லை என்று நான் குறிப்பு எழுதினேன். மறைத்தது மறைத்ததுதான் என்று மேலிடம் கோரிக்கையைத் தள்ளியது. ஹெலிகாப்டர் ரசீது கோப்பின் கடைசியில் இருந்தது, கார்பன் தாளில் மங்கலாக. அந்தத் தொகைக்காக அந்தக் குடும்பம் மனையொன்றை விற்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஏஜென்டுக்கு அதற்குள் கமிஷன் போய்ச் சேர்ந்திருந்தது.

நோயைச் சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், அந்த நோய் தொடர்பான செலவைத் தரமாட்டோம், அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புக்குள் தருவோம் என்று எழுதலாம், சில நிறுவனங்கள் பாலிசியே தர மறுக்கலாம், அப்போது வேறொன்றைத் தேட வேண்டும். ஆனால் சொல்லிவிட்டு எடுத்த பாலிசியில், உயர நோய்க்காக நீங்கள் வைக்கும் கோரிக்கை கறைபடாமல் நிற்கும். மறைத்து எடுத்தால், எதற்காக வந்த கோரிக்கையானாலும் பாலிசி முழுவதையுமே செல்லாததாக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. உங்கள் மனைவியின் தைராய்டு மாத்திரையையும் எழுதுங்கள். அது நோயா, இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். படிவத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள். ஒரு தலைமையாசிரியருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

மருத்துவரிடமும் அதே நேர்மை வேண்டும். இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்தும் அரசு யாத்திரை, 2020 முதல் நின்றுபோய் 2025இல் மீண்டும் தொடங்கியது. அதில் 70 வயதுக்கு மேல் அனுமதி இல்லை, உடல் நிறைக் குறியீடு 25ஐத் தாண்டக்கூடாது, டெல்லியில் கடுமையான மருத்துவப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். அரசு யாத்திரையில் உத்தராகண்டின் லிபுலேக் கணவாய்ப் பாதையில் செல்பவர்களை நடுவழியில் குஞ்ஜியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் மறுபடியும் சோதிப்பார்கள். நேபாளம் வழியாகத் தனியாரோடு செல்லும் உங்களை யாரும் அப்படி மறிக்கப்போவதில்லை. அதை வசதி என்று எண்ணாமல், டிரெட்மில், எக்கோ, சிறுநீரகச் செயல்பாடு, நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றை நீங்களாகவே தஞ்சாவூரில் செய்துகொண்டு, இந்த உயரத்துக்குப் போகத் தகுதி உண்டு என்று இதய மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் மேற்கொள்ளும் பயணத்தை ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளும் விலக்குகின்றன. அவர் போகலாம் என்று எழுதிய தாள் பின்னாளில் உங்கள் பக்கம் பேசும்.

இப்போது, ஆபத்து நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் அழைப்பு ஹெலிகாப்டருக்குப் போகக்கூடாது, பாலிசியில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேர உதவி எண்ணுக்குத்தான் போகவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. நேபாளத்தில் லேசான தலைவலிக்கே மலையேறிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி, ஒரே பறப்பில் பலரை அழைத்துவந்து ஒவ்வொருவர் காப்பீட்டிலும் முழுத் தொகையை வசூலித்த மோசடிகள் 2018இல் பெரிதாக வெடித்தன. அரசே விசாரணைக் குழு அமைத்தது, வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் நேபாளத்துக்குப் பாலிசி தருவதையே நிறுத்திவிடுவோம் என்று எச்சரித்தன. அதிலிருந்து, முன் ஒப்புதல் இல்லாத ஹெலிகாப்டர் ரசீது எதையும் நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. ஹில்சாவில் யாரோ ஒருவர் ‘நீங்கள் ஏறுங்கள் சார், இன்சூரன்ஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால், உயிர் போகும் அவசரம் இருந்தாலொழிய, உதவி எண்ணில் பேசி ஒப்புதல் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள். உண்மையிலேயே உயிர் போகும் அவசரம் என்றால் முதலில் இறங்குங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம். வழக்காடுவதற்கு ஆள் இருந்தால்தானே வழக்கு. அப்போதும் வழிகாட்டியிடமிருந்து ஒரு துண்டுத் தாளிலாவது நேரம், இடம், அறிகுறி, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். விரல்நுனிக் கருவியில் மானசரோவரில் எண்பது சொச்சம் காட்டுவது நன்றாக இருப்பவர்களுக்கும் சகஜம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் குறித்துவந்தால் திடீரென்று சரிந்தது எந்த நாளில் என்பது தெரியும்.

செல்பேசி சிக்னல் அங்கே கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அதனால்தான் உங்கள் மகனைப் பெங்களூரிலேயே இருக்கச் சொல்லி ஒரு வேலை தரவேண்டும். குழுத் தலைவர் ஏதாவது ஒரு வழியில் அவருக்குச் செய்தி சொன்னால் போதும், உதவி நிறுவனத்தோடு பேசுவதையும் ஒப்புதல் வாங்குவதையும் ஆவணம் அனுப்புவதையும் அவர் வீட்டிலிருந்தபடியே செய்துவிடலாம். இந்த ஒரு ஏற்பாட்டால் சில மணி நேரத்தில் காரியம் முடிந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

வானிலை பற்றி ஒரு சொல். 2018 ஜூலையில் மழையும் மேகமும் சூழ்ந்து விமானங்கள் நின்றுபோக, மானசரோவர் சென்று திரும்பிய இந்திய யாத்திரிகர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஹில்சாவிலும் சிமிகோட்டிலும் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். தமிழ் உள்ளிட்ட தென்மொழிகளில் பேசுவோரின் உதவி எண்களைக் காத்மாண்டு தூதரகம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. 2025 ஜூலை 8 அன்று வந்த வெள்ளத்தில் கெருங் பாதையில் நேபாள-சீன எல்லையிலுள்ள ரசுவாகடி நட்புப் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது. எனவே பாலிசியின் கடைசி நாளை, திரும்பும் தேதிக்கு ஒரு வாரம் தள்ளியே வையுங்கள். தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்று போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் அட்டவணைப்படி பறக்கும் விமானங்களுக்குத்தான். ஹில்சா ஹெலிகாப்டருக்கு அது பொருந்தும் என்று நம்பியிருக்க வேண்டாம், கையில் கூடுதல் பணமும் கூடுதல் மாத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியை இந்தியாவிலிருந்து புறப்படுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்; காத்மாண்டு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

அங்கேயே உயிர் பிரிந்தால் பேறு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் குறுக்கிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அரசு யாத்திரையில் செல்பவர்கள், இறப்பு நேர்ந்தால் சீனப் பகுதியிலேயே தகனம் செய்யச் சம்மதம் என்று ஒரு தாளில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை அறிவீர்களா? உடலை அங்கிருந்து கொண்டுவருவது அவ்வளவு கடினம். பேறு பெற்றவருக்கு அதோடு முடிந்துவிடுகிறது. கூட்டு விசாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மொழி தெரியாத அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்திடுவது என்று தெரியாமல் நிற்கப்போவது உங்கள் மனைவி. உடலைத் தாயகம் கொண்டுவருவதற்கோ அங்கேயே இறுதிச் சடங்கு செய்வதற்கோ ஆகும் செலவு பாலிசியில் அடங்குகிறதா என்று பார்ப்பதும், அந்தச் சம்மதத்தைப் பற்றி இருவரும் மகனிடம் புறப்படுவதற்கு முன்பே பேசிவிடுவதும் அவருக்காகத்தான்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வயதுக்கும் இந்த உயரத்துக்கும் இருவருக்குமாகச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பேக்கேஜ் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிய பங்குதான். யாத்திரை முடித்து வந்தபின் அறநிலையத் துறையின் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதன் விதிகளைத் தனியாகக் கேட்டறிந்துகொள்ளுங்கள், அது காப்பீட்டோடு தொடர்பில்லாதது. பின்னாளில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கே பலன் இல்லையென்றால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம்.

மகனிடம் கொடுக்கவேண்டிய தாளில் இவற்றை எழுதுங்கள்: இருவரின் பாலிசி எண், பாஸ்போர்ட் எண், உதவி எண், குழுத் தலைவரின் நேபாள எண்ணும் சீன எண்ணும், காத்மாண்டு தூதரக எண், உங்கள் மாத்திரைகளின் பெயரும் அளவும், ரத்த வகை. அதே தாளின் நகல் ஒன்று உங்கள் சட்டைப்பையிலும் ஒன்று உங்கள் மனைவியிடமும் இருக்கட்டும். நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் பதில் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துச் சொல்கிறேன். 5,630 மீட்டர் என்ற எண்ணைக் குறிப்பிடாமல் ‘பொதுவாக அடங்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், மறுபடியும் கேட்டு எழுதுங்கள்.